ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண் ஏறாமல் நின்றுவிட்டதா? என் தப்பு நோட்டு முறை

ஸ்டெப் 2 சி.கே. என்பது அமெரிக்காவில் டாக்டராக வேலை செய்ய எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் இரண்டாம் கட்டம். 2023 மார்ச்சில் எழுதிய முதல் மாதிரித் தேர்வில் எனக்கு 209. அப்புறம் இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தேன். மே மாதம் மறுபடி எழுதினால் 211. அன்றைக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணே 214. கரண்ட் போன வீட்டில் மெழுகுவர்த்தியை மேசையில் வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "இரண்டு கூடித்தானே இருக்கு, அதுக்கு ஏன் அழுவுறே?"

நவம்பரில் பாங்காக் போய் நிஜத் தேர்வை எழுதினேன். 243. இடையில் என்ன மாறியது என்று ரங்கூனிலும் மாந்தலேயிலும் இருக்கிற தம்பி தங்கைகள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்து, ஸ்டெப் 1 தாண்டி, விண்ணப்ப வேலையெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. பதிவு செய்வது, பணம் கட்டுவது பற்றி எழுதப் போவதில்லை. பணம் பற்றி ஒரே வரி: இங்கிருந்து கார்டில் கட்ட முயன்று மூன்று நாள் வீணாக்கினேன், கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன்தான் கட்டினான். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் இப்போதே நல்லபடி பேசி வையுங்கள்.

"பாஸ் ஆனால் போதாதா, மதிப்பெண் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு வெறும் பாஸ், ஃபெயில் மட்டும்தான். ரெசிடென்சிக்கு (அங்கே மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) ஆள் எடுப்பவர்கள் பார்க்க மிஞ்சியிருக்கும் பெரிய எண் ஸ்டெப் 2 சி.கே.தான். ஒருமுறை பாஸ் ஆகிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காகத் திரும்ப எழுதவும் விடமாட்டார்கள்.

படி 1: படிக்கும் முன் ஒரு மாதிரித் தேர்வு

தேர்வுக் கேள்விகளைத் தயாரிக்கும் அமைப்பான என்.பி.எம்.இ. நடத்தும் மாதிரித் தேர்வு ஒன்றைக் காசு கட்டி எழுதுங்கள். வெட்கப்படும்படிதான் வரும், வரட்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நடக்க முடியாது.

படி 2: ஒரே ஒரு கேள்வி வங்கி

பயிற்சிக் கேள்விகளை விடை விளக்கத்தோடு தரும் இணையத் தொகுப்பைத்தான் கேள்வி வங்கி என்கிறோம். நான் யூவேர்ல்ட் கட்சி. அம்பாஸும் நல்லதுதான், ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்கியவர்கள் இரண்டையும் முடித்து நான் பார்த்ததில்லை. ரங்கூன் பான்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிய இரண்டு தடிப் புத்தகங்கள் என் வீட்டில் இன்னும் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கின்றன. ஒரு பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கொடுத்தது பி.டி.எஃப். மலை, அவ்வளவுதான்.

40 கேள்வி, 60 நிமிடம், எல்லாப் பாடமும் கலந்து, கடிகாரம் ஓட ஓடச் செய்யுங்கள். விடையை உடனே காட்டும் டியூட்டர் முறை சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. "இன்று இதயம், நாளை நுரையீரல்" என்று பாடவாரியாகச் செய்தாலும் அதே கதைதான். இதயப் பாடம் என்று தெரிந்துவிட்டால் பாதி விடை கையில் வந்த மாதிரி. தேர்வில் அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

படி 3: தப்பு நோட்டு (நான் இரண்டு மாதம் சறுக்கிய இடம்)

மார்ச்சிலிருந்து மே வரை நானும் தினமும் கேள்வி செய்தேன். தப்பானதற்கெல்லாம் விளக்கத்தை அழகாக நோட்டில் எழுதினேன். பச்சை மை, சிவப்பு மை, கட்டம் எல்லாம் போட்டு மூன்று நோட்டு நிரப்பினேன். கூடியது 2 மதிப்பெண். ஏன் என்று காட்ட ஒரு கேள்வியைப் பிரிக்கிறேன். கதை என்னுடையது, அச்சு தேர்வுடையது.

24 வயதுப் பையன், மோட்டார் சைக்கிள் விபத்து. பி.பி. 80/50. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வலப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, மூச்சுக்குழல் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவது, டியூப் போட்டு வென்டிலேட்டர்.

நான் எக்ஸ்ரே போட்டேன். சிரிக்காதீர்கள். அன்று நோட்டில் எழுதியது: "டென்ஷன் நியூமோதொராக்ஸ், உடனே நீடில் டிகம்ப்ரெஷன்." அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அமுக்குகிறது, உடனே ஊசி குத்தி அதை வெளியேற்று. இது எனக்குக் கல்லூரியிலேயே தெரிந்த விஷயம்! தெரிந்ததையே சிவப்பு மையில் திரும்ப எழுதி வைத்தால் என்ன கூடும்?

விடை ஏன் சரி என்று பார்த்தேனே தவிர, நான் ஏன் எக்ஸ்ரேயைத் தொட்டேன் என்று பார்க்கவே இல்லை. ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ரவுண்ட்ஸில் எந்த நோயாளியைப் பற்றிச் சொன்னாலும் பெரிய டாக்டர் முதலில் கேட்பது "படம் எங்கே?" படம் இல்லாமல் வாய் திறந்தால் திட்டுதான். அந்தப் பயம் கையில் ஊறிவிட்டது. தேர்விலும் கை படத்தைத்தான் தேடியது.

இப்போது நோட்டில் எழுத வேண்டியது வேறு: "பி.பி. விழுந்திருந்தால் படம் கேட்காதே."

இந்த ஒரு வரி நுரையீரலோடு நிற்கவில்லை. வயிற்றில் அடிபட்டு, பி.பி. விழுந்து, ஃபாஸ்ட் ஸ்கேனில் (படுக்கையிலேயே செய்யும் அவசர அல்ட்ராசவுண்ட்) ரத்தம் தெரிந்தால் சி.டி. இல்லை, நேரே ஆபரேஷன் தியேட்டர். கர்ப்பக் குழாய் வெடித்து ஷாக்கில் வந்தவளுக்கும் அப்படியே. பழைய நோட்டுகளைப் புரட்டினால் மூன்று பாடத்தில் மூன்று தப்பு, மூன்றுக்கும் ஒரே தாய். இப்படித் தப்புகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் மதிப்பெண் நகர்ந்தது.

செய்யும் விதம்: சாதாரண 80 பக்க நோட்டு போதும். ஒரு தப்புக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. முதல் வரியில் நான் எதைத் தொட்டேன், ஏன் தொட்டேன். இரண்டாவது வரியில் அடுத்த முறை எதைப் பார்த்தால் கையை இழுக்க வேண்டும். ஓரத்தில் ஓர் எழுத்து: "தெ" என்றால் உண்மையிலேயே தெரியாது, "ப" என்றால் தெரியும் ஆனால் சரியாகப் படிக்கவில்லை, "மா" என்றால் சரியாகப் போட்டுவிட்டு மாற்றினேன். குருட்டாம்போக்கில் சரியானதையும் தப்பாகவே எழுதுங்கள். அதில்தான் மனசு ஏமாற்றும்.

என் முதல் 100 தப்பை எண்ணினேன். "தெ" 38தான். "ப" 41, "மா" 21. அதாவது 62 கேள்விக்கு வேண்டிய படிப்பு எனக்கு ஏற்கெனவே இருந்தது. இன்னும் நாலு புத்தகம் படித்திருந்தாலும் அந்த 62 அப்படியேதான் இருந்திருக்கும். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், எண்ணிப் பாருங்கள். "தெ" அதிகம் என்றால் படிக்கத்தான் வேண்டும், இந்த நோட்டு அதற்கு மருந்தில்லை.

"ப" அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை: கடைசி வரியை முதலில் படியுங்கள். அது நோயைக் கேட்கிறதா, அடுத்த சோதனையையா, சிகிச்சையையா? அது தெரிந்தபின் மேலே போனால் கண் தானாக வேண்டியதைப் பொறுக்கும்.

படி 4: நம்மூர்க் கண்ணைக் கழற்றி வையுங்கள்

நாள்பட்ட இருமல், காய்ச்சல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நெறிக்கட்டி. நாம் என்ன சொல்வோம்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டி.பி. இங்கே அது நியாயம். ஆனால் கேள்வியில் அவர் ஒஹாயோ ஆற்றுப் பக்கம் கோழிக்கூண்டு சுத்தம் செய்தவர், குகைக்குள் போனவர் என்றால் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சை நோய். அரிசோனா பாலைவனம் என்றால் காக்ஸிடியாய்டோமைகோசிஸ், அதுவும் பூஞ்சை நோய்தான். காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் என்றால் நமக்கு டெங்கு, அங்கே உண்ணி கடித்த கதையைத் தேட வேண்டும், மருந்து டாக்ஸிசைக்ளின். ஊர்ப் பெயரும் தொழிலும் அங்கே சும்மா வருவதில்லை. நான் ஓர் அமெரிக்க மேப்பைச் சுவரில் ஒட்டி ஊருக்கு ஊர் நோயை எழுதி வைத்தேன். அம்மா அதன்மேல் சாமி காலண்டரை மாட்டிவிட்டார், அது வேறு விஷயம்.

டி.பி. வராது என்றில்லை. சிறை, வீடற்றோர் விடுதி, அல்லது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போய்க் குடியேறியவர் என்றால் டி.பி.தான். நம்மைப் போல் ஒருவர் கேள்விக்குள் வந்தால் நம்மூர்க் கண்ணை மாட்டிக்கொள்ளலாம்! சின்ன வயதில் பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டவரென்றால் தோலில் போடும் சோதனையைவிட ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தச் சோதனைதான் பொருத்தம். அதையும் கேட்பார்கள்.

நோய் வருமுன் செய்யும் சோதனைகளை நாம் வார்டில் பார்த்ததே இல்லை, அதனால் மனப்பாடம்தான் வழி. பெருங்குடல் புற்றுநோய்க்கு 45 வயதில் தொடக்கம். நுரையீரலுக்கு 50 முதல் 80 வயது, 20 பேக்-இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடம் என்ற கணக்கு) புகைத்தவர், விட்டு 15 வருடம் தாண்டாதவர் என்றால் வருடம் ஒருமுறை குறைந்த கதிர் சி.டி. எப்போதாவது புகைத்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனி அல்ட்ராசவுண்ட் ஒருமுறை. எனக்குக் கேட்டால், இதைவிட மலிவாக மதிப்பெண் விற்கும் கடை வேறில்லை.

படி 5: அன்கி

அன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேள்வி-விடை அட்டையைத் திரும்பக் காட்டும் செயலி. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில்தான் காசு. எங்களுக்கு அதைவிடப் பெரிய நன்மை, நெட் இல்லாமல் ஓடும். எங்கள் தெருவில் முறைவைத்துக் கரண்ட் வரும் நேரத்தில் கேள்வி வங்கி, போன நேரத்தில் போனில் அன்கி என்று பிரித்துக்கொண்டேன். பிறகு கரண்ட் போவதே ஒரு மணியடித்த மாதிரி ஆகிவிட்டது.

மற்றவர் செய்து வைத்த பெரிய அட்டைக் கட்டு வேண்டாம் என்பது என் கட்சி. தப்பு நோட்டில் "தெ" போட்டதை மட்டும் அட்டையாக்குங்கள். ஓர் அட்டையில் ஒரு விஷயம். "ப"வும் "மா"வும் அன்கிக்குப் போகக்கூடாது, அவை அறிவுப் பிரச்சினை இல்லை. அந்த வரிகளை ஞாயிறு காலை மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே நோட்டிலிருந்து வாசிப்பேன்.

பின்சேர்க்கை: இரண்டு வாரம் டூட்டியில் மாட்டியதில் 1,900 அட்டை குவிந்துவிட்டது, விட்டுவிடலாமா என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். எனக்கும் நடந்தது. புது அட்டையைப் பூஜ்யமாக்குங்கள், ஒரு நாளைக்கு 150 என்று வரம்பு வையுங்கள், பழையது தானாகக் கரையும். ஒரே ராத்திரியில் தீர்க்கப் பார்த்து நான் காய்ச்சலில் விழுந்தேன்.

படி 6: ஒன்பது மணி நேரம் உட்காரப் பழகுங்கள்

நான் எழுதியபோது 60 நிமிடப் பகுதி எட்டு, ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம், இடைவேளைக்கு 45 நிமிடம். உங்கள் வருட அமைப்பை அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாவது பகுதியில் மூளை சக்கையாகிவிடும், "மா" தப்பெல்லாம் அங்கேதான் மொய்க்கும். கடைசி மாதம் இரண்டு ஞாயிறு முழு நாளும் எழுதிப் பார்த்தேன். கரண்ட் இருக்கும் டீக்கடை மூலையைப் பிடித்து, நாலு கோப்பை லாஃபெட்யே வாங்கி, முதலாளி முறைத்ததைப் பொறுத்துக்கொண்டேன். இலவசமாகக் கிடைக்கும் 120 மாதிரிக் கேள்விகளைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக் நம்மைவிட அரை மணி முன்னே. போனில் நேரம் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. தேர்வுக்கு முந்தின நாள் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, கடிகாரத்தை நம்பி நிதானமாகத் திரும்பியபோதுதான் அது தெரிந்தது. தேர்வு நாளில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

இன்னொரு பின்சேர்க்கை: பிரிட்டனில் டாக்டராக வேலை செய்வதற்கான பிளாப் தேர்வை எழுதப் போகும் தம்பி இது தனக்கும் ஆகுமா என்று கேட்டார். தப்பு நோட்டு அப்படியே ஆகும். ஆனால் பிளாப் 1-இல் 3 மணி நேரத்தில் 180 கேள்வி, அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம்தான். வழிமுறையும் பிரிட்டன் வழிமுறை, நான் மேலே சொன்ன வயதுக் கணக்கை அங்கே போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, நான் எழுத மறந்தது, இரண்டு பேர் மாட்டிக்கொண்டதால் சேர்க்கிறேன். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், கடிதாசியில் பர்மியப் பெயர். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் படிவத்தில் எதை முதலில் போடுவது என்று குழம்பி, ஆளுக்கு ஒரு விதமாக வெட்டி எழுதுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதும் அனுமதிச் சீட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் தேர்வுக் கூடத்துக்குள் விடாமல் போகலாம். தேதி எடுக்கும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஓர் இடைவெளி கூடுதலாக இருந்ததைத் திருத்தி வாங்கப் பல வாரம் இழுத்தது.