டீசல் இன்ஜினுக்குக் கூலன்ட் வாங்கும் முன்

என் பட்டறை மேசையில் ஒரு பழைய சிலிண்டர் லைனர், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இரும்புக் குழாய், நிற்கிறது. உள்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். வெளிப்பக்கத்தில், தண்ணீர் படும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் குண்டூசியால் குத்தியது போன்ற குழிகள். நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்று உள்பக்கம் வரை துளைத்துப் போயிருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டு வந்தாலும் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இந்த லைனர் இருந்த லாரி என்னிடம் வந்தபோது உரிமையாளரின் புகார் ஒன்றே ஒன்று: ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. வெளியில் எங்கும் கசிவு இல்லை. ஒரு இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்து, காலையில் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தினேன். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது; லைனரின் துளை வழியாக உள்ளே இறங்கியிருந்தது. அவர் கவனக்குறைவான மனிதர் அல்ல. தவறாமல் கூலன்ட் ஊற்றியவர்தான். ஆனால் அது கார்களுக்கான கூலன்ட்.

டீசல் இன்ஜினில் எரிந்த வாயு பிஸ்டனை அழுத்தும் வேகத்தில், பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தை ஓங்கி அறைகிறது. லைனர் மணிபோல அதிர்கிறது. சுவர் தண்ணீரை விட்டு விலகும் கணத்தில் அங்கே நுண்ணிய ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் இரும்பைக் கொஞ்சம் கொத்துகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1,000 அறை, மணிக்கு 60,000. அந்தக் குழிகள் வரிசையாக, அறை விழும் பக்கத்திலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதைத் தடுப்பது கூலன்ட்டில் உள்ள மருந்து. நைட்ரைட் போன்ற உப்புகள் லைனரின் மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. குமிழ் வெடித்தால் படலம் அடிபடும், பிறகு தானே மூடிக்கொள்ளும். அந்த மருந்து இல்லாத கூலன்ட், உறைவதையும் கொதிப்பதையும் துருப்பிடிப்பதையும் எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும், இந்த லைனரைக் காப்பாற்றாது.

ஆகவே, கடைக்குப் போகும் முன் உங்கள் இன்ஜின் வெட் லைனரா என்று தெரிந்துகொள்ளுங்கள். லைனரின் வெளிப்புறத்தில் கூலன்ட் நேரடியாகப் படுமானால் அது வெட் லைனர். லாரி, பஸ், மண் அள்ளும் இயந்திரம், பெரிய ஜெனரேட்டர் ஆகியவற்றில் இதுதான் அதிகம். கார்களின் சிறிய டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது. அவற்றுக்குக் கார் நிறுவனம் சொல்லும் கூலன்ட்டே சரி. தெரியவில்லை என்றால் வண்டியின் கையேட்டில் கூலன்ட் பக்கத்தைத் திறந்து, அங்கே அச்சிட்டிருக்கும் தர எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எண்ணாக டி 3306 மட்டும் இருந்தால் அது கார், இலகுரக வாகனங்களுக்கானது. டி 6210 என்றால் கனரக இன்ஜினுக்கு, தேவையான மருந்தெல்லாம் சேர்த்தே வருவது. டி 4985 கனரகத்துக்குத்தான். ஆனால் லைனர் காக்கும் மருந்தை முதல் முறை ஊற்றும்போதே நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றாவதை வாங்கி, மருந்து சேர்க்காமல் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணோடு, இன்ஜின் நிறுவனத்தின் ஒப்புதல் குறியீடும் டப்பாவில் இருந்தால் இன்னும் நல்லது.

நைட்ரைட் உள்ள பழைய வகையில் மருந்து ஓட ஓடத் தீர்ந்துபோகும். சோதனைத் தாளைக் கூலன்ட்டில் நனைத்து, சொல்லியிருக்கும் நொடிகள் காத்திருந்து, அந்தத் தாளின் டப்பாவில் உள்ள வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; அடுத்தடுத்த கட்டங்களின் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். குறைந்தால் மருந்து சேர்க்கலாம், அளவோடு. அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் அது கூழாகப் படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். கரிம அமில வகைக் கூலன்ட்டில் மருந்து மெதுவாகத்தான் தீரும், பராமரிப்பும் குறைவு. அலுமினிய ரேடியேட்டர் உள்ள புதிய இன்ஜின்கள் பலவற்றுக்கு நைட்ரைட் இல்லாத வகையையே கேட்கிறார்கள், ஏனென்றால் நைட்ரைட்டும் அலுமினியமும் ஒத்துப்போவதில்லை. அங்கே கரிம அமிலமே லைனரைக் காக்கும்படி சோதித்துத் தயாரிக்கிறார்கள்.

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் சாயம். எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. சிவப்போடு சிவப்பைக் கலந்தேன், என்ன தவறு என்று கேட்பவரிடம் என்னால் விளக்கம்தான் சொல்ல முடியும், இரண்டு மருந்தும் ஒன்றையொன்று நீர்க்கச் செய்ததைத் திருப்ப முடியாது. வழியில் குறைந்துபோய் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் ஊற்றி ஊர் சேருங்கள், பிறகு சரியான கூலன்ட்டால் விகிதத்தைச் சரிசெய்யுங்கள்.

நீர் என்றதும் சொல்லியாக வேண்டும்: நீர் கலக்காமல் வரும் அடர் கூலன்ட் வாங்கினால் கிணற்று நீரையோ குழாய் நீரையோ சேர்க்காதீர்கள். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, இன்ஜினின் சூடான இடங்களில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். குளோரைடு உலோகத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோதான் வேண்டும். கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான எத்திலீன் கிளைக்காலும் நீரும் பாதிக்குப் பாதி என்றால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கொதிநிலையும் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரிக்கு உயரும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அடர்த்தி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து நீரே சேர்க்காமல் ஊற்றுவது பெரிய தவறு. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், வெப்பத்தையும் நீரைப்போலக் கடத்தாது. கலந்தே வரும் டப்பாவில் மறுபடி நீர் சேர்க்க வேண்டாம்.

வகையை மாற்றுகிறீர்கள் என்றால், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பழையதை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து மெதுவாக நிரப்புங்கள். காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதிலிருந்து குமிழில்லாமல் வரட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் மட்டத்தை மீண்டும் பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே உயிரைக் கொல்லும். நான் வடிக்கும்போதே புனல் வைத்து மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயிண்ட்டால் நஞ்சு என்று எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவேன். ரேடியேட்டர் மூடியருகே ஊற்றிய வகை, தர எண், தேதி மூன்றையும் எழுதி ஒட்டுவேன், அடுத்து மூடியைத் திறப்பவர் நானாக இல்லாமலும் இருக்கலாம்.