அரியரில் நின்றுபோன பட்டப்படிப்பை முடிக்க வைப்பது எப்படி

2024 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேறினார்கள். அந்த நான்கு விழுக்காட்டு இடைவெளி கல்லூரிக்குள் வந்ததும் மறைந்துவிடுவதில்லை. பாளையங்கோட்டையில் பாடம் எடுக்கிற நான், முதலாண்டில் நிறைந்திருந்த பையன்களின் பெஞ்சு மூன்றாம் ஆண்டில் காலியாகக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். இரண்டாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் தேறாமல் அரியராக நிற்கும். அதே சமயத்தில் நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கவோ கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவோ போய்க் கையில் கூலி புழங்கத் தொடங்கும். ஒரு அரியர் ஆறாகும்போது வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளை கல்லூரிப் பக்கமே போகாமலாகிவிடுவான்.

ஆகவே முதல் வேலை, உண்மையான கணக்கை எடுப்பதுதான். எத்தனை அரியர் என்று கேட்டால் "நாலஞ்சு இருக்கும்" என்றுதான் பதில் வரும். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் பரப்பி வைத்து, பேப்பரின் குறியீடு, கல்லூரி போடுகிற இன்டர்னல் மதிப்பெண், செமஸ்டர் தேர்வில் வாங்கிய எக்ஸ்டர்னல் மதிப்பெண் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு துறைத் தலைவரைப் பாருங்கள். கோபத்தில் இருக்கும் தகப்பனாரைவிட, பிள்ளை மனம்விட்டுப் பேசுகிற அக்காவோ அத்தானோ கூடப் போவது நல்லது.

அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. வருகைப்பதிவு குறைந்து செமஸ்டரே நின்றிருக்கிறதா, அல்லது தேர்வு மட்டும் பாக்கியா என்பது முதலாவது. தேர்வு மட்டும் பாக்கி என்றால் வகுப்புக்கு வராமலே எழுதலாம், செமஸ்டரே நின்றிருந்தால் அதைத் திரும்பப் படித்தாக வேண்டும். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய பேப்பருக்கு ஈடாக எதை எழுதுவது என்பது இரண்டாவது. எந்த ஆண்டு வரை எழுதலாம் என்பது மூன்றாவது. தானே தேர்வு நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரியானால் அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவே இதற்குப் பொறுப்பு. மற்றக் கல்லூரிகளில் விண்ணப்பம் கல்லூரி வழியாக அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

என் அனுபவத்தில், தேர்வில் தோற்றவர்களைவிடத் தேர்வுக் கட்டணம் கட்டும் தேதியைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். நவம்பர், ஏப்ரல் தேர்வுகளுக்கு முன்னால் வரும் அறிவிப்புக்குக் கெடு குறைவு. வேலைக்குப் போய்விட்ட பையனுக்கு அது தெரியாது. உடன் படித்தவர் ஒருவரிடம் சொல்லிவைத்து, அந்தப் பணத்தை முன்கூட்டியே தனியாக எடுத்துவையுங்கள்.

படிக்கும்போது, இன்டர்னல் நன்றாக இருக்கிற பேப்பரில் தொடங்கட்டும். ஒன்று தேறினாலே மனம் திடப்படும். கணக்கு, அக்கவுண்ட்ஸ் போன்றவற்றுக்கு மட்டும் யாரிடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஐந்தாண்டு வினாத்தாள்களும் தினம் ஒன்றரை மணி நேரமும் போதும். தேர்வு நாட்களுக்கான விடுப்பை முதலாளியிடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை கூலிக்காக வகுப்பை விடுகிறான் என்றால், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 முதலே நடக்கிறது. தாய் பீடி சுற்றுபவரானால், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுபோனால் அதன் காரணம் பெரும்பாலும் வேறு. அரியரே இல்லாமல், கடைசி ஆண்டில் திருமணம் முடிவாகிவிடும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தேர்வுத் தேதியைச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லி, முகூர்த்தத்தை அதற்குப் பின்னால் வையுங்கள். படிப்பு முடியுமுன் டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழை வாங்கவே வேண்டாம்.

கடைசி அரியர் தேறியதும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் தற்காலிகச் சான்றிதழையும் வாங்கி, பட்டச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். எல்லாம் தேறியிருந்தும் இந்த ஒரு விண்ணப்பம் போடாமல், பட்டம் கையில் வராதவர்கள் இருக்கிறார்கள்.