கைபேசிச் செயலியில் கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வங்கிக் கிளைக்கு நான்கு நடை நடந்து, ஜாமீனுக்கு ஆள் தேடி வாங்கிய சிறு கடன், இன்று ஆதார், பான் விவரங்களைக் கொடுத்த சில நிமிடங்களில் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது. அடகு வைக்க நகை இல்லாதவருக்கு இது பெரிய உதவிதான். ஆனால் அவசரத்தில் இருப்பவர் நிபந்தனைகளைப் படிப்பதில்லை என்பதால், பணம் தேவைப்படாத ஒரு நாளிலேயே இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் தருபவர் யார் என்பதை முதலில் பாருங்கள். செயலி பெரும்பாலும் இடைத்தரகர் மட்டுமே. அதன் பின்னால் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வங்கியோ, வங்கிசாரா நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். அந்நிறுவனங்கள் அளித்த தகவலின்படி தொகுக்கப்பட்ட செயலிகளின் பட்டியல், 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத செயலியை நிறுவாமல் விட்டுவிடுவதே என் அறிவுரை.

அடுத்து, கடனின் உண்மையான விலை. உங்களுக்குப் புரியும் மொழியில் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளைத் தர வேண்டியது கடன் தருபவரின் கடமை, அதில் வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் ஏ.பி.ஆர். என்ற ஆண்டு விகிதத்தைத் தேடுங்கள். அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 10,000 ரூபாய்க் கடன், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, மூன்று தவணை என்று வைத்துக்கொள்வோம். செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90 பிடித்தது போகக் கைக்கு வருவது 9,410. திருப்பிக் கட்டுவதோ, மூன்று மாதமும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதால், 10,600. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 24 சதவீதம் என்று தோன்றிய கடனின் ஏ.பி.ஆர். ஏறத்தாழ 74 சதவீதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வட்டியை விட்டுவிட்டு இந்த ஓர் எண்ணை வைத்தே இரண்டு கடன்களை ஒப்பிடுங்கள்.

செயலியை நிறுவும்போது 'தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?' என்று திரையில் ஒரு கேள்வி எழுந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடவே கூடாது என்பது விதி. கேமராவையும் இருப்பிடத்தையும் அடையாளச் சரிபார்ப்புக்காக, உங்கள் சம்மதத்துடன் ஒருமுறை கேட்கலாம். போலிச் செயலிகள் தொடர்பு எண்களைத் திருடி உறவினர்களுக்கெல்லாம் அவதூறுச் செய்தி அனுப்பியதில் குடும்பங்கள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

தவணையைக் கடன் தந்த நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள், தனிநபரின் யு.பி.ஐ. முகவரிக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு: அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். விவரத்தாளில் முன்பே சொல்லியிருந்தால், செயலாக்கக் கட்டணத்தை மட்டும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம்.

சிக்கல் வந்தால் திரைப்பிடிப்புகளைச் சேமித்துக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அளியுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மிரட்டலோ மோசடியோ என்றால் அதுவரை காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.