ஆல்ப்ஸ் கிராமத்துக் குடும்பப் படம் எடுக்கிறீர்களா? பண்ணையில் தொடங்குங்கள்

ஆல்ப்ஸ் கிராமத்துக் குடும்பக் கதை என்றதும் பலர் மலைமுகடும் பூத்தொட்டி வைத்த ஜன்னலும் தேடி லொகேஷன் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். 1950களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வரிசைகட்டி வந்த ஹைமாட்ஃபிலிம் (‘சொந்த மண்’ படம்) வகைப் படங்களில் பல இன்று சுற்றுலா விளம்பரம் மாதிரி தெரிவதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம். இந்த வகைக் கதையில் கண்ணீர் வருவது பண்ணையைப் பங்கு போட முடியாததால்தான். அதைப் புரிந்துகொண்டு திரைக்கதை எழுதினால் மலை தானாக வந்து சேரும்.

முதலில் பள்ளத்தாக்கை முடிவு செய்யுங்கள். சொத்து யாருக்குப் போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் பல பகுதிகளிலும், இத்தாலியைச் சேர்ந்த தெற்கு டிரோலின் பெரும்பகுதியிலும் ‘மூடிய பண்ணை’ முறை உண்டு: வீடு, தொழுவம், புல்வெளி, காடு எல்லாம் சேர்ந்து ஒரே சொத்து, எடுத்துக்கொள்பவர் ஒருவர் மட்டுமே. டிரோலில் 1900ஆம் ஆண்டுச் சட்டம், தெற்கு டிரோலில் இன்று 2001ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற பிள்ளைகளுக்குப் பணமாகத்தான் பங்கு. அந்தப் பணத்தையும் சந்தை விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை. பண்ணை தரக்கூடிய வருமானத்தை வைத்தே கணக்கிடுவதால் தொகை சொற்பமாகிவிடும். மேற்கு டிரோல், தெற்கு டிரோலின் மேற்கிலுள்ள வின்ஷ்காவ், சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் பக்கம் வழக்கம் வேறு. அங்கே தலைமுறைதோறும் நிலத்தைப் பிரித்துப் பிரித்துக் குறுந்துண்டுகளாக்கிவிட்டார்கள். முதல் இடத்தில் ‘யார் வெளியேற வேண்டும்’ என்பது கதை. இரண்டாவது இடத்தில் ‘யாரைக் கட்டினால் எந்தத் துண்டு சேரும்’ என்பது கதை. இரண்டையும் குழப்பினால் உள்ளூர்க்காரர்கள் பத்தாவது நிமிடத்திலேயே சிரித்துவிடுவார்கள்.

அடுத்தது ஒப்படைப்புப் பத்திரம். பெற்றோர் பண்ணையை எழுதிக்கொடுத்துவிட்டுத் தனி அறைக்கோ பக்கத்துச் சிறு வீட்டுக்கோ ஒதுங்கும்போது, தங்களுக்கு வரவேண்டியதையெல்லாம் பத்திரத்தில் எழுதி வாங்குவார்கள்: இத்தனை பால், இத்தனை விறகு, அடுப்போரம் ஓர் இடம், நோயில் விழுந்தால் பராமரிப்பு. நோட்டரி இதை ஒவ்வொன்றாக வாசிக்க மகன் தலையைக் குனிந்துகொண்டு கேட்கும் காட்சிக்குப் பின்னணி இசையே தேவையில்லை. அப்பாவும் மகனும் கத்திச் சண்டை போடும் காட்சியை இதற்கு முன்னால் வைக்காதீர்கள். பத்திரக் காட்சியின் அழுத்தம் போய்விடும்.

1950க்கு முந்தைய கதை என்றால் சாப்பாட்டு மேசையை நன்றாகப் பயன்படுத்தலாம். எல்லோரும் ஒரே வாணலியிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள். பண்ணைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தால் சாப்பாடு முடிந்தது. கரண்டியைத் துடைத்துச் சுவரில் உள்ள தோல் வாரில் செருகிவிடுவார்கள். மகளின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் இருக்க, அப்பா தன் கரண்டியை வைத்துவிடுகிறார். அவள் கை நிற்கிறது. வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்பதைச் சொல்ல இந்த ஒரு ஷாட் போதும்.

காட்சிகளை விவசாய நாட்காட்டியில் பொருத்துங்கள். ஜூன் வாக்கில் மாடுகள் மேலே ஆல்ம் மேய்ச்சலுக்குப் போகும். ஜூலை, ஆகஸ்டில் உயரப் புல்வெளிகளில் நீள்பிடி அரிவாள் வீச்சு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் மாடுகள் இறங்கும். பூமுடி சூட்டி இறக்குவது, அந்தக் கோடையில் மேலே விபத்து எதுவும் நடக்காமலும் வீட்டில் சாவு விழாமலும் இருந்தால்தான். அலங்காரமில்லாத மாடுகள் தெருவில் நடந்து வந்தாலே ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். இறப்பை வசனத்தில் அறிவிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

வரலாற்றுப் பின்னணி வேண்டுமா? தெற்கு டிரோலில் 1939 கைவசம் இருக்கிறது. ஹிட்லர்–முசோலினி உடன்பாட்டின்படி, ஜெர்மானிய ரைஷுக்குக் குடிபெயர்வதா, இத்தாலியிலேயே இருப்பதா என்று டிசம்பர் 31க்குள் அங்கே ஜெர்மன் பேசும் மக்கள் சொல்லியாக வேண்டியிருந்தது. அண்ணன் போகிறேன் என்கிறான், தம்பி இருக்கிறேன் என்கிறான், பண்ணையோ ஒன்றுதான். 1950இல் ரெஷன் நீர்த்தேக்கம் கிராவுன் கிராமத்தை மூழ்கடித்தது இன்னொரு களம். ஆனால் தண்ணீருக்கு மேல் நிற்கும் அதன் தேவாலயக் கோபுரத்தைப் படம்பிடிக்காதவர் கிடையாது. அதைக் கடைசி ஷாட்டாக வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பனிச்சரிவை வில்லனைத் தீர்த்துக்கட்டும் கருவியாக்குவது சோம்பேறித்தனம். வைத்தே தீரவேண்டும் என்றால், சரிவு வரும் தடம் ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை முதல் அரை மணிக்குள் காட்டிவிடுங்கள். வீட்டின் மேல்பக்கச் சுவரில் பனியைப் பிளக்கும் கல் ஆப்பு கட்டியிருப்பதைக் காட்டலாம். டாவோஸ் அருகே ஃபிராவன்கிர்ஹ் தேவாலயத்தில் அப்படி ஒன்று உண்டு. பிறகு நாள்கணக்கில் கொட்டும் பனியும் காற்றும். கதாநாயகி கத்தியதும் மலை சரிவதாக எழுதாதீர்கள். மனிதக் குரலுக்குப் பனிச்சரிவு கிளம்பாது.

இனிப் படப்பிடிப்பு. கிழக்கு–மேற்காக ஓடும் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கிய சரிவு வெயில் பக்கம், எதிர்ச்சரிவு நிழல் பக்கம். நிழல் பக்கத்து வீடுகள் சில குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காது. வசதியான குடும்பத்தை வெயில் பக்கத்திலும் நொடித்த குடும்பத்தை எதிரிலும் வைத்தால் ஒளியே கதை சொல்லும். பள்ளத்தாக்கின் அடியில் பொன்னிற மாலை வெயிலை எதிர்பார்க்க வேண்டாம். சூரியன் வெள்ளையாக இருக்கும்போதே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு நெடுநேரம் மென்மையான, நீலம் கலந்த நிழல் ஒளி இருக்கும். நீண்ட உரையாடல்களை அப்போது எடுங்கள், கண்டினியூட்டி உடையாது. கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம் என்பதால் மேல்மலைக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 2000 மீட்டரில் ஆகஸ்டிலும் பனி விழலாம்.

புல் அறுக்கும் காட்சிக்கு ரீடேக் கிடையாது. அறுத்த புல் அடுத்த கோடையில்தான் அந்த உயரத்துக்கு வளரும். சரிவை மேலிருந்து கீழாக நான்கைந்து பட்டைகளாகப் பிரித்து, டேக்குக்கு ஒன்று என்று ஒதுக்குங்கள். அறுக்காத புல்லில் யூனிட் நடக்கவே கூடாது. அது மாட்டின் குளிர்காலத் தீவனம். மிதிபட்ட புல்லை அரிவாள் சரியாக வெட்டாது. நடிகருக்கு இடுப்பில் தண்ணீர் ஊற்றிய சாணைக்கல் கூடு கட்டிவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று தீட்டச் சொல்லுங்கள். தீட்டாமல் அறுத்துக்கொண்டே போகிறவர் விவசாயியாகத் தெரியமாட்டார்.

பழைய வீட்டின் ஸ்டூபே என்ற அடுப்புள்ள கூடத்தில் கூரை கைக்கெட்டும் உயரம், மரச்சுவர் கருத்திருக்கும், ஜன்னல் சிறியது. மேலிருந்து விளக்குப் போட இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கை வைத்து, ஷாட்டில் தெரியும் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஜெல் ஒட்டுங்கள். ஒரு மூலையில் சிலுவை, அதன் கீழே மேசை. அடுப்பு பெரும்பாலும் எதிர்மூலையில். குடும்பத் தலைவரை சிலுவைக்கடியில் உட்காரவைத்து, ஒதுங்கிய தாத்தாவை அடுப்போரம் வையுங்கள். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த கேமராவைப் பையிலேயே மூடி ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும்.

மாட்டிலும் கவனம் வேண்டும். டிரோலில் சாம்பல் மாடு, ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க்கில் பழுப்பு மாடு, சுவிட்சர்லாந்தின் வாலேயில் கருத்த எரிங்கர் மாடு. தப்பான மாடு நின்றால் ஊரே தப்பு. பேச்சுவழக்கும் அப்படித்தான்: பவேரிய நடிகரையும் டிரோல் நடிகரையும் அண்ணன் தம்பியாக்கினால் பயிற்சியாளர் கட்டாயம்.

லைவ் சவுண்டைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று ஓடை: பனிப்பாறையிலிருந்து வரும் ஓடை காலையைவிடப் பிற்பகலில் கூடுதலாக இரையும். ஒரே காட்சியின் இரு பக்க ஷாட்களைக் காலையிலும் மாலையிலுமாக எடுத்தால் எடிட்டிங்கில் ஒட்டாது. இன்னொன்று மாட்டுமணி. வசனம் எடுக்கும்போது மணிக்குள் துணியைத் திணித்து நாக்கை அசையாமல் கட்டிவிடுங்கள். பிறகு அதே மந்தை மேயும்போதும் நடக்கும்போதும் ஓடும்போதும் தனித்தனியாக ஐந்து நிமிடம் வைல்ட் டிராக் (படமில்லாமல் ஒலி மட்டும்) எடுங்கள். நிற்கும் மாட்டின் ஷாட்டில் நடக்கும் மாட்டின் மணி ஒலித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.