விண்டோஸில் எடுத்த மைஎஸ்க்யூஎல் டம்ப் லினக்ஸில் ஏறவில்லையா?

விண்டோஸ் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிறது. டேட்டாபேஸை நகலெடுக்கும் அதன் கட்டளையான மைஎஸ்க்யூஎல்டம்ப் வைத்து எடுத்த எஸ்க்யூஎல் ஃபைலை (இதுதான் டம்ப்) லினக்ஸ் சர்வரில் இம்போர்ட் செய்தால் முதல் வரியிலேயே எரர். பதற வேண்டாம். டேட்டாபேஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்; ஃபைலை எழுதிய விதத்தில்தான் கோளாறு.

படி 1: ஃபைலின் என்கோடிங்கைப் பாருங்கள்

என்கோடிங் என்பது எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை. நோட்பேடில் திறந்து கீழே ஸ்டேட்டஸ் பாரைக் கவனியுங்கள். 'யூடிஎஃப்-8' என்றிருந்தால் நேராகப் படி 3. 'யூடிஎஃப்-16 எல்இ' என்றிருந்தால் அது விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் வேலை. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் '>' குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினால், உள்ளே போவது யூடிஎஃப்-16. ஒவ்வொரு ஆங்கில எழுத்தோடும் ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொள்ளும். ஃபைலும் ஏறக்குறைய இரு மடங்காகப் பெருத்துவிடும். லினக்ஸ் பக்கம் வரும் எரர், பைனரி மோட் ஆப்ஷனைப் போடச் சொல்லும். போட்டாலும் ஏறாது.

நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆக சேவ் செய்துவிட்டால் போதாதா? ஆங்கிலம் மட்டும் இருந்தால் போதும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால், பவர்ஷெல் அவற்றைத் தவறான கோட் பேஜில் (எழுத்து அட்டவணையில்) படித்துக் கொத்துக்கறி போட்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக எக்ஸ்போர்ட் செய்வதே மேல்.

படி 2: '>' இல்லாமல் எக்ஸ்போர்ட்

மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையிலேயே 'ரிசல்ட்-ஃபைல்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. முன்னால் இரண்டு கோடு, பின்னால் சமக்குறி, அடுத்து ஃபைல் பெயர். இப்போது எழுதுவது மைஎஸ்க்யூஎல்டம்ப்தான். பவர்ஷெல் குறுக்கே வராது. வரி முடிவு விண்டோஸ் பாணிக்கு மாறுவதும் இதிலேயே தடுக்கப்படும். 'டிஃபால்ட்-கேரக்டர்-செட்' ஆப்ஷனில் யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். ஸ்டோர்டு புரொசீஜர் வைத்திருப்பவர்கள் 'ரூட்டீன்ஸ்' ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும், தானாக வராது. டிரிகர்கள் தானாகவே வந்துவிடும்.

படி 3: எரர் 1273 வந்தால்

சர்வரில் இருப்பது உண்மையில் மைஎஸ்க்யூஎல்தானா என்று பாருங்கள். டெபியன் லினக்ஸில் பேக்கேஜாகக் கிடைப்பது மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) பெயரில் '0900' வரும். பழைய மரியாடிபிக்கும் மைஎஸ்க்யூஎல் 5.7-க்கும் அது தெரியாது. டெக்ஸ்ட் எடிட்டரில் 'யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' என்பதைத் தேடி, எல்லா இடத்திலும் 'யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' என்று மாற்றுங்கள். (இரண்டையும் ஃபைலில் உள்ளபடி ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) சேவ் செய்யும்போது பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டும் அடையாள பைட்டுகள்) இல்லாத யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: இம்போர்ட் ஆனது, டேபிளைக் காணோம்

எரர் 1146. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கிச் சேமிக்கும். புரோகிராம் கோடில் பெரிய எழுத்தில் கூப்பிட்டாலும் கண்டுகொள்ளாது. லினக்ஸில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. இதற்கென ஒரு செட்டிங் உண்டுதான், ஆனால் மைஎஸ்க்யூஎல் 8-இல் அதை சர்வரை முதன்முதலில் தயார் செய்யும்போது மட்டுமே வைக்க முடியும். கோடில் உள்ள டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்துக்கு மாற்றுவது எளிது.

கடைசியாக, இரண்டு பக்கமும் முக்கிய டேபிள்களில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் விட்டுவிடாதீர்கள்: தமிழ் உள்ள ஒரு வரிசையை எடுத்து, அதில் கேள்விக்குறிகளோ வினோத எழுத்துகளோ இல்லையென்று கண்ணால் பார்த்த பிறகு லேப்டாப்பில் இருப்பதை அழியுங்கள்.