கண் கூசுகிறதா? புருவத்துக்கு மேலே கையை வைத்துப் பாருங்கள்
எல்இடி பேனல் போட்ட ஆபீஸில் சாயங்காலமானால் கண் எரிகிறது என்றால், உடனே கண்ணாடி பவரைச் சந்தேகப்படாதீர்கள். உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே, புருவத்துக்கு மேலே உள்ளங்கையை நீட்டி விளக்கை மறையுங்கள். கண் சட்டென்று தளர்ந்தால் கூச்சம் விளக்கிலிருந்துதான். லக்ஸ் மீட்டர் இதைக் காட்டாது, அது மேசையில் விழும் வெளிச்சத்தை மட்டும்தான் அளக்கும். கூச்சத்துக்கு யூஜிஆர் என்று தனி அளவு இருக்கிறது: விளக்கின் பிரகாசம், அது கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, பார்வைக்கு எவ்வளவு நேராக இருக்கிறது, பின்னணி எவ்வளவு இருட்டு, எல்லாம் சேர்ந்த கணக்கு. கணினி வேலைக்கு 19-ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி. அட்டைப்பெட்டியில் 19 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அறைக்கு அறை அது மாறும். மேசையைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அப்புறம் சுவரிலும் கூரையிலும் வெளிச்சம் படவிடுங்கள்.