ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டும் முன்: மார்பைப் பரிசோதிக்கும் முறை

மலையகத் தோட்ட மருந்தகங்களுக்குப் பயிற்சிக்கு வரும் இளையவர்கள், நோயாளி அமர்ந்ததும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிடுகிறார்கள். அது கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. முதலில் கண்ணால் பாருங்கள். பின்பு கையால் தொடுங்கள். அதன்பின் விரலால் தட்டுங்கள்.

பார்ப்பது என்றால், நோயாளியிடம் சொல்லாமலே ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுவது. குழந்தையாயின் சட்டையை உயர்த்தி, மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உள்வாங்கினால் வைத்தியரிடம் அனுப்பத் தாமதிக்கக் கூடாது.

தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் வெளியிட்டவர் ஆஸ்திரிய வைத்தியர் அவுன்புருக்கர். இடது நடுவிரலை விலா இடைவெளியில் அழுத்தி வைத்து, வலது நடுவிரல் நுனியால், மணிக்கட்டு மட்டும் அசையுமாறு, இரு முறை தட்டுங்கள். காற்று நிறைந்த நுரையீரல் அதிர்ந்து ஒலிக்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

1816இல் பாரிஸின் நெக்கர் வைத்தியசாலையில் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் ஓர் இளம்பெண்ணைப் பரிசோதித்தார். பருமனான உடல் என்பதால் தட்டிப் பயனில்லை; நேராக மார்பில் காது வைப்பதும் முறையாகத் தோன்றவில்லை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டபோது, இதயத்தின் ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததில் பிறந்த கருவி இது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காவிடமும் செய்யப்போவதை முதலில் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த பெண் ஒருவரை உடன் நிற்கச் செய்து, தேவையான அளவு மட்டுமே ஆடையை விலக்குங்கள்.

காதுமுனைகள் உங்கள் மூக்கை நோக்கிச் சற்று முன்சாய்ந்திருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் வட்டுப்பகுதியை உள்ளங்கையில் சூடாக்கிய பின்னரே தோலில் வையுங்கள். சுவெட்டரின் மேல் வைத்தால் துணி உரசும் ஓசை நோயின் ஓசை போலவே ஏமாற்றும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது, நோயாளியின் நிலை இடங்கொடுத்தால், காத்திருப்பதே நல்லது. வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்லி, வலப்புறம் கேட்ட அதே உயரத்தில் இடப்புறமும் கேட்டு ஒப்பிடுங்கள். முதுகில் கேட்கும்போது, தோள்பட்டை எலும்புகள் விலகுமாறு கைகளை முன்னால் கட்டச் சொல்லுங்கள்.

மூச்சை வெளிவிடும்போது விசில் போல ஒலித்தால் மூச்சுக்குழாய்கள் சுருங்கியுள்ளன. இழுப்பால் தவிக்கும் ஒருவரின் மார்பில் எந்த ஓசையும் கேட்கவில்லையென்றால், அதைக் குணமடைவதாக எண்ணிவிடாதீர்கள்: காற்றே உள்ளே போகவில்லை என்பதுதான் அதன் பொருள். ஒக்சிசன் இருந்தால் கொடுத்துக்கொண்டே உடனடியாக வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.